சாந்தாமணி மேல் புத்தளத்தில் ஒரு வழக்கு

பொள்ளாச்சியில் நாங்கள் மஞ்சி என்பதை இலங்கையில் தும்பு என்கிறார்கள். இரண்டும் தேங்காய் மட்டையிலிருந்து பிரிக்கிற நார்தான். அதைப் பிரிக்கும் இயந்திரங்களைச் செய்கிற பட்டறை ஒன்றில் எனக்கு வேலை. புத்தளம் மாவட்டம் மதுரங்குளியில் தும்பு மில் வைத்திருக்கும் முபாரக் ஹாஜியார் எங்களிடம் ஓர் இயந்திரம் வாங்கியிருந்தார். அதைப் பொருத்தி, ஓடவிட்டு, அங்குள்ளவர்களுக்குப் பழக்கிவிட்டுத் திரும்பவேண்டும். "நானும் வர்றேனுங்க. கடலைப் பார்த்து எத்தனை வருசமாச்சு" என்று மனைவி சாந்தாமணியும் கிளம்பிவிட்டாள்.

சாந்தாமணி பொள்ளாச்சியில் பெண்களுக்கான டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். எங்கள் ஊரில் கார் ஓட்டும் பெண்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கல்யாணமான புதிதில் கற்றுக்கொடுக்கப் பார்த்தாள். கல்யாணம் நிலைக்கவேண்டும் என்ற அக்கறையில் இருவரும் சேர்ந்தே அந்த முயற்சியைக் கைவிட்டோம். அன்றிலிருந்து அவள் ஓட்டுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து வழியில் எங்கே டீ நன்றாக இருக்கும் என்று சொல்வேன்.

வாடகைக் கார் எடுக்கும்போதே ஒரு சச்சரவு. எங்கள் ஊர் லைசென்ஸும் சர்வதேச அனுமதியும் கையில் இருந்தாலும், இலங்கையில் ஓட்டுவதற்கு அந்த நாட்டு அங்கீகாரம் தனியாக வாங்கவேண்டுமாம். "பிறகு எடுக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள்" என்றார் வாடகைக்காரர். சாந்தாமணி சாவியைத் தொட மறுத்துவிட்டாள். அந்தச் சீட்டு வரும்வரை அரை நாள் ஒரு கடை வாசலில் உட்கார்ந்திருந்தோம். நான் முணுமுணுத்தபடி இஞ்சிப் பிளேன்டீயாகக் குடித்துக்கொண்டிருந்தேன். பிளேன்டீ என்பது பால் இல்லாத தேநீர். அந்த ஊரில் துக்கம், சந்தோஷம், சும்மா இருப்பது எல்லாவற்றுக்கும் அதுதான்.

மதுரங்குளியில் மில்லுக்குப் பக்கத்திலேயே ஹாஜியாரின் சிறிய வீடு ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. முதல் காலைச் சாப்பாடு ஹாஜியார் குடியிருக்கும் வீட்டில். பாண், பருப்பு, சீனிச் சம்பல். பாண் என்றால் நம்மூர் பிரெட்டு. ஆனால் மேல்தோல் முறுமுறுவென்று, உள்ளே பஞ்சு மாதிரி, வேறு ஜாதி. வெங்காயத்தை இனிப்பும் உறைப்புமாக வதக்கிய அந்தச் சம்பலை நான் மூன்று முறை கேட்டு வாங்கினேன். அன்று சனிக்கிழமை. சனிக்கிழமை நான் கவுச்சி தொடமாட்டேன். சாப்பிட்டு முடித்தபிறகு ஹாஜியார், "மாசி கூடக் கொஞ்சம் போட்டிரிக்கி, நல்லா இரிக்கா?" என்று கேட்டார். மாசி என்பது மரக்கட்டை மாதிரி உலர்த்திய மீன் என்பதைச் சாந்தாமணி வீடு வந்தபிறகுதான் எனக்குச் சொன்னாள். பெருமாள் கடல் தாண்டி வந்து பார்த்திருக்கமாட்டார் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

மில்லுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அடுத்து வந்த வெள்ளிக்கிழமை காலை கற்பிட்டிக்குப் புறப்பட்டோம். டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையைப் பார்ப்பது, கடலில் கால் நனைப்பது, வரும்போது கருவாடு வாங்குவது, இதுதான் திட்டம். பாலாவிச் சந்தியில் இடதுபக்கம் திரும்பியதும் நிலம் மெலிந்துகொண்டே போகிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு என்கிற உப்பங்கழி, நடுவில் மணல் தோட்டங்களில் வெங்காயமும் மிளகாயும். காற்று காரைத் தள்ளிக்கொண்டே இருந்தது. இரு பக்கமும் யாருக்கும் சொந்தமில்லாத கழுதைகள் மேய்ந்தன. ரோடும் தங்களுடையதுதான் என்பது அவற்றின் எண்ணம்.

மாம்புரியில் அது நடந்தது. இடதுபக்கம் ரோட்டை அடைத்துக்கொண்டு நான்கைந்து கழுதைகள் நின்றன. சாந்தாமணி வேகத்தைக் குறைத்து, வலதுபக்கமாக அவற்றைச் சுற்றிக்கொண்டு போனாள். கூட்டத்தில் ஒரு குட்டி, காதுதான் முழு உடம்பும் என்கிற மாதிரி. தாண்டிய பிறகு கண்ணாடியில் அதை ஒரு கணம் பார்த்தாள். பார்த்தபடியே இடதுபக்கத்துக்குத் திரும்பினாள். அங்கே எதிரே ஒரு சைக்கிள் வந்துகொண்டிருந்தது.

பெரிய சத்தம்கூட இல்லை. சைக்கிளில் இருந்த கறிவேப்பிலையும், வாசனைக்குப் போடும் ரம்பையிலையும் ரோடெங்கும் சிதறின. கைலி கட்டிய ஒரு மனிதர் ரோட்டோரம் உட்கார்ந்த வாக்கில் கிடந்தார். சைக்கிள் அவர்மேல் சாய்ந்திருந்தது.

சாந்தாமணி எஞ்சினை நிறுத்தினாள், கைப்பிரேக்கை இழுத்தாள், எச்சரிக்கை விளக்கைப் போட்டாள். எல்லாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற அதே வரிசையில். பிறகுதான் கதவைத் திறந்தாள். ஓடிப்போய் அவர் தலையைத் தாங்கிப் பிடித்தாள்.

"ஐயா, எங்கீங்க வலிக்குது?"

"தல நல்லாத்தான் இரிக்கி தங்கச்சி" என்றார் அவர். அறுபதை நெருங்கும் வயது, நரைத்த தாடி. "கால்தான் சொல்லுக் கேக்குதில்ல."

கூட்டம் கூடியது. நம்மூர்ப் பக்கம் இப்படியான கூட்டம் முதலில் டிரைவரைத்தான் தேடும். "நேரா பொலிஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடலாமா?" என்று அவள் காதில் கேட்டேன். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். ஒருவர் சிங்களத்தில் கோபமாக ஏதோ சொல்ல, இன்னொருவர் சிங்களத்திலேயே பதில் சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன். "வெளிநாட்டு ஆக்களுக்கு ரோட்டுச் சட்டம் தெரியாதாண்டு அவர் கேட்டார். கழுதைக்கும்தான் தெரியாதிண்டு இவர் சொன்னார்" என்றார்.

ஆம்புலன்ஸ் வந்தது. சாந்தாமணி ஏறப் போனாள். ஓட்டியவர் பொலிஸ் வரும்வரை இங்கேதான் இருக்கவேண்டும், காரையும் அசைக்கக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள். அதனால் நான் ஏறினேன். வண்டி நகரும்போது திரும்பிப் பார்த்தேன். யாரோ ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து பூவரசு நிழலில் போட்டு அவளை உட்காரவைத்தார்கள். இன்னொருவர் கையில் பிளேன்டீ கோப்பை.

வழியில் அவர் பெயர் மஹ்ரூப் என்று தெரிந்தது. எல்லோரும் மஹ்ரூப் நானா என்பார்களாம். நானா என்றால் அண்ணன். கல்யாண வீடுகளில் புரியாணி சமைப்பவர்.

"வண்டி ஓட்டினது ஒங்கட மிஸிஸா?"

"ஆமாங்க நானா. மன்னிச்சுக்குங்க. ஊர்ல டிரைவிங் ஸ்கூல் வெச்சிருக்கா. இத்தனை வருசத்துல ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட இடிச்சதில்ல."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வலி என்று நினைத்தேன். தோள் குலுங்கியது.

"டிரைவிங் படிச்சிக் குடுக்கிறவவா? சிரிக்க வெக்காதீங்க தம்பி. கால் இழுக்குது."

முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டு போட்டார்கள். பில் எங்கே கட்டவேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டு அலைந்தேன். அரச ஆஸ்பத்திரியில் அப்படி ஓர் இடமே இல்லை என்று தாதி ஒருவர் இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது.

அதற்குள் மாம்புரியில் பொலிஸார் ரோட்டை அளந்து, சாக்பீஸால் கோடு போட்டு, சாந்தாமணியை ஊதச் சொல்லிப் பார்த்து, நிலையத்துக்கு அழைத்துப் போயிருந்தார்கள். சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்க, தமிழ் தெரிந்த கொன்ஸ்டபிள் மொழிபெயர்க்க, வாக்குமூலம். சார்ஜன்ட் முதலில் கேட்டது அந்த அரை நாள் சீட்டைத்தான். அதைப் பார்த்ததும் அவர் முகம் தளர்ந்ததாம். "இது இல்லாவிட்டால் காப்புறுதி ஒரு சதமும் தராது, குற்றமும் இரண்டாகியிருக்கும்" என்றாராம். அந்தக் கடை வாசலில் முணுமுணுத்ததற்காக மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். வெளியே கேட்கவில்லை. அவளும் அதைச் சொல்லிக்காட்டும் நிலையில் இல்லை.

தூதரகத்துக்குப் போன் செய்தேன். மரியாதையாகப் பேசினார்கள். வக்கீல்களின் பெயர்கள் தரலாம், உறவினருக்குத் தகவல் சொல்லலாம், வழக்கை நிறுத்துவது எங்கள் கையில் இல்லை என்றார்கள். வெளிநாட்டுக்காரர் என்றால் ஏதோ ஒரு பின்கதவு இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி எதுவும் கிடையாது. அந்த ஊர் ரோட்டில் ஓட்டினால் அந்த ஊர்ச் சட்டம்.

பிற்பகல் சாந்தாமணியைப் புத்தளம் நீதவான் நீதிமன்றத்தில் முன்னிலைப்படுத்தினார்கள். ஹாஜியார் ஏற்பாடு செய்த வக்கீல் கஜேந்தினி அங்கே காத்திருந்தார். உடப்பு என்ற பக்கத்துக் கடற்கரை ஊர்ப் பெண், முப்பது வயதிருக்கும், வெள்ளைச் சேலைமேல் கறுப்புக் கோட்டு. பேச்சில் ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"குடிக்கல்ல, ஓடல்ல, லைசன்ஸ் சரி. மூண்டும் நல்லது. ஆனா எலும்பு முறிஞ்சா சட்டத்துல அது கடுங்காயம். கடவுச்சீட்டைக் கோர்ட்டுல ஒப்படைக்கணும். வழக்கு முடியும்வரை அம்மா நாட்டை விட்டுப் போகேலாது. பிணைக்கு இந்த மாவட்டத்து ஆக்கள் ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும்."

ஒருவர் ஹாஜியார். இன்னொருவருக்கு எங்கே போவது? மில்லின் மேலாளர் குருணாகல்காரர், வேறு மாவட்டம். ஹாஜியாரின் தம்பி உம்ரா யாத்திரைக்குப் போயிருந்தார். ஆள் கிடைக்காவிட்டால் சாந்தாமணி அன்று சிறைக்காவலுக்குப் போகவேண்டும். அவள் ஒரு பெண் பொலிஸின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்து அதன் வாரைச் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது வாசலில் ஒரு பெரிய ஆள் வந்து நின்றார். கருவாட்டு வாசனை முதலில் வந்தது. "மஹ்ரூப் மச்சான இடிச்சது ஆரு?" என்றார். நான் எழுந்து, தற்செயலாக நிற்பதுபோல் சாந்தாமணிக்கு முன்னால் நின்றேன்.

அவர் என்னைத் தாண்டிக் கஜேந்தினியிடம் போனார். "நான் இர்பான். அவர்ட பொஞ்சாதிட தம்பி. பிணைக்கு ஆள் தேடுறாங்களாம். மச்சான் ஆஸ்பத்திரில இருந்து போன் எடுத்து ஏசுறார், ஒடனே போய்க் கையெழுத்துப் போடுண்டு." என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் சிநேகம் ஒன்றும் இல்லை. "எனக்கு விருப்பமில்ல. அவர் சொன்னதால வந்தன்."

அடிபட்டவரின் மைத்துனரே இடித்தவருக்குப் பிணை நிற்பதைத் தான் பார்த்ததில்லை என்றார் கஜேந்தினி. நீதவானும் ஒரு பெண்மணி. யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று இர்பானிடம் இரண்டு முறை கேட்டார். "ஓம், என்ட மச்சான்" என்றார் இர்பான். பிணை கிடைத்தது.

அதன்பிறகு காத்திருப்பு. எனக்கு மில் வேலை இருந்தது. சாந்தாமணிக்கு எதுவும் இல்லை. பொலிஸ் சோதனை முடிந்து கார் திரும்பி வந்து வாசலில் நின்றது. அவள் சாவியைத் தொடவில்லை. ஊரில் மகள்தான் டிரைவிங் ஸ்கூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, நீ இலங்கையில ஜெயில்ல இருக்கறதா ஊர்ல பேசறாங்க. ரெண்டு பேர் பார்க்க வரலாமான்னு கேட்டாங்க" என்று போனில் சொன்னாள். சாந்தாமணி சிரித்தாள். போனை வைத்ததும், "ஸ்கூலை மூடிரலாங்களா?" என்றாள். நான் டீ போடப் போனேன்.

எங்கும் பஸ்ஸில்தான் போனோம். முன்னேஸ்வரம் சிவன் கோயிலுக்குப் போய் அவள் ஒரு நேர்ச்சை வைத்தாள். என்னவென்று சொல்லவில்லை. இலங்கைத் தனியார் பஸ்ஸில் போவது ஒரு கச்சேரிக்குப் போவது போன்றது. பாட்டுச் சத்தம் ஹாரனோடு போட்டி போடும். படியில் தொங்கும் நடத்துனர் "கட்டுநாயக்க, நீர்கொழும்பு, கொழும்பு" என்று மூச்சுவிடாமல் கூவிக்கொண்டிருப்பார். சாந்தாமணி டிரைவருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தாள். பஸ் முந்தும் ஒவ்வொரு முறையும் அவளுடைய வலது கால் தரையை அழுத்தியது. வாய்மட்டும் திறக்கவில்லை. வகுப்பில் இருந்திருந்தால் அந்த டிரைவர் அழுதிருப்பார்.

கற்பிட்டிக் கோட்டையையும் ஒருவழியாகப் பார்த்தோம். கடற்படை இளைஞர் ஒருவர் சுற்றிக் காட்டினார். சுரங்கவழி இது, சிறைக்கூடம் இது என்று அவர் சிங்களத்தில் சொன்னதை ஓர் ஆசிரியக் குடும்பம் எங்களுக்குத் தமிழில் சொல்லியது. சிறைக்கூடத்துக்குள் சாந்தாமணி வரவில்லை. வெளியே நின்று களப்பில் கொக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மஹ்ரூப் நானாவைப் போய்ப் பார்க்கவேண்டும் என்பதுதான் அவளுடைய பெரிய ஆசை. கஜேந்தினி கண்டிப்பாகத் தடுத்துவிட்டார். "அவர் சாட்சி. நீங்க அவர்ட வீட்டுப் பக்கம் போனா, சாட்சியக் கலைக்கப் பாக்கிறதா எடுத்துக்கொள்ளுவாங்க. பிணையே ரத்தாகலாம்."

நாங்கள் போகவில்லை. ஆனால் சாட்சி எங்களிடம் வந்துகொண்டிருந்தார், சாப்பாட்டு வடிவில். ஒரு நாள் இர்பான் சிடுசிடுத்த முகத்தோடு ஒரு சட்டி வட்டிலப்பத்தை வைத்துவிட்டுப் போனார். கருப்பட்டி, தேங்காய்ப்பால், முட்டை, ஏலக்காய் எல்லாம் சேர்த்து அவித்த இனிப்பு அது. அதற்காகவே இன்னொரு முறை கடல் தாண்டலாம். அடுத்து இறால் போட்ட கஞ்சி. அப்புறம் ஆட்டிறைச்சிப் புரியாணி. கால் மாவுக்கட்டில் இருப்பதால் கல்யாண அடுப்புக்குப் போகமுடியவில்லையாம். வீட்டு அடுப்படியில் கதிரை போட்டு உட்கார்ந்து மனைவிக்குக் கட்டளை போடுகிறாராம். "என்ட தாத்தா சண்டை பிடிக்கிறா, இந்த மனுசன எப்ப கோர்ட்டுக்குக் கூப்பிடுவாங்கண்டு" என்றார் இர்பான். அவருடைய அக்காவைத்தான் தாத்தா என்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பயந்துபோய்க் கஜேந்தினிக்குப் போன் செய்தோம். "வாங்கிச் சாப்பிடுறதுக்குச் சட்டத்துல தடையில்ல. ஆனா நீங்க திருப்பி ஒண்டும் அனுப்ப வேணாம். ஒரு வாழைப்பழம்கூட."

அதில்தான் சிக்கல். பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது சாந்தாமணியால் முடியாத காரியம். எதையாவது போட்டுக் கொடுத்தால் சட்டக் குற்றம். ஆகவே பாத்திரங்களைத் திருப்பவே இல்லை. சட்டி, தூக்குவாளி, மூடிபோட்ட பீங்கான் என்று எங்கள் அறையில் வரிசை நீண்டுகொண்டே போனது. தினமும் அவற்றைத் துடைத்து அடுக்கிவைத்தாள். தாத்தா வீட்டில் இனி எதில் சமைப்பார் என்று எனக்குக் கவலை வந்துவிட்டது.

வழக்கு நாளுக்கு முந்திய நாள் கஜேந்தினி மதுரங்குளிக்கு வந்தார். அதுதான் கஷ்டமான பேச்சு.

"அம்மா, ரெண்டு வழி இரிக்கி. பொலிஸ் போட்ட கோட்டுப்படி அவர் சைக்கிள் பிழையான பக்கத்துல வந்திரிக்கி. நீங்க போகவேண்டிய பக்கத்துல எதிர வந்திரிக்கிறார். குற்றமில்லையிண்டு நிண்டு இத வாதாடலாம். வெல்லவும் கூடும். ஆனா பல தவணை போகும், மாசக்கணக்குல. அடுத்தது, குற்றத்த ஒத்துக்கொள்ளுறது. நாளைக்கே முடியும். ஆனா தீர்ப்பு உங்கட பேர்ல நிக்கும். இனி எந்த நாட்டுக்கு விசா கேட்டாலும், குற்றத் தீர்ப்பு இரிக்கா எண்டா ஓம் எண்டுதான் எழுதணும்."

"அவரு தப்பான பக்கம் வந்தாருங்க, நெசந்தான்" என்றாள் சாந்தாமணி. "ஆனா நான் ரோட்டைப் பார்த்திருந்தா நிறுத்தியிருப்பேன். மெதுவாத்தான் போனேன். நான் கழுதைக்குட்டியப் பார்த்துட்டு இருந்தேனுங்க. கால ஒடச்சதும் இல்லாம அவரு மேல எதுக்குங்க பழி போடோணும்?"

"பழி இல்ல அம்மா. அதுவும் உண்மைதான்."

"அது அவரு உண்மைங்க. அவரு சொல்லிக்கட்டும். நான் என்னுதச் சொல்றேன்."

எனக்கு அவள் வாதாடவேண்டும் என்றுதான் இருந்தது. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள் பெயரில் ஒரு தீர்ப்பு என்றால் சின்ன விஷயமா? இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். "நான் சொல்லிக் குடுத்த பொண்ணு ஒருத்தி இப்படிச் செஞ்சுபோட்டு, அந்தாளு மேல தப்புன்னு வந்து நின்னா நான் என்ன சொல்லுவேன்?" என்றாள்.

மறுநாள் நீதிமன்றத்தில் மஹ்ரூப் நானா ஊன்றுகோல்களோடு முன் பெஞ்சில் இருந்தார். வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சட்டை, மாவுக்கட்டில் பேரப்பிள்ளைகள் வரைந்த பூக்கள். எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். கஜேந்தினியின் கண் எங்கள்மேல் இருந்ததால் நாங்கள் மேல்கூரையைப் பார்த்தோம்.

குற்றச்சாட்டு சிங்களத்தில் வாசிக்கப்பட்டது. மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: கவனயீனமாக வாகனம் செலுத்தி ஒருவருக்குக் கடுங்காயம் விளைவித்தது. பிறகு கேட்டார்.

"நீங்கள் குற்றவாளியா, சுற்றவாளியா?"

சாந்தாமணி விழித்தாள். இலங்கை நீதிமன்றத் தமிழில் சுற்றவாளி என்றால் குற்றமற்றவர். அது அவளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. சுற்றிப் பார்க்க வந்தவரா என்று கேட்பதாக நினைத்துக்கொண்டாள்.

"ரெண்டுந்தானுங்க" என்றாள்.

கஜேந்தினி கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். நீதவான் என்ன பதில் என்று கேட்க, மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கிச் சிங்களத்தில் சொல்ல, வக்கீல்கள் வரிசை முழுவதும் கோப்புகளுக்குள் முகத்தைப் புதைத்தது. கஜேந்தினி எழுந்து அவளுக்கு அர்த்தம் சொன்னார். சாந்தாமணி கழுத்துவரை சிவந்துபோய், கையைக் கூப்பி, "தப்பு என்னுதுங்க. குற்றவாளிதான்" என்றாள்.

நட்டஈடு பற்றிக் கேட்பதற்காக மஹ்ரூப் நானாவைக் கூப்பிட்டார்கள். காப்புறுதியிலிருந்து கிடைக்கவேண்டியது ஒழுங்காகிவிட்டது, தனக்கு அது போதும் என்றார். வேறேதும் சொல்ல இருக்கிறதா என்றார் நீதவான்.

"இரிக்கி. நான் பிழையான பக்கத்துலதான் வந்தன். ரோட்டக் கடந்து அந்தப் பக்கம் போறதுக்குப் பஞ்சிப்பட்டு, சோம்பல்ல இப்பிடியே போவமிண்டு வந்தன். அந்தத் தங்கச்சி மட்டும் பிழ எண்டு எழுதுறது சரியில்ல. அண்டைக்கே சொல்ல நெனச்சன். ஆஸ்பத்திரியில ஆரும் கேக்கல்ல."

"இல்லீங்க" என்று கூண்டிலிருந்து சாந்தாமணி ஆரம்பித்தாள். "நான் பார்த்திருந்தா..."

"நீங்க எப்பிடித் தங்கச்சி பாப்பீங்க, கழுதைக்குப் பின்னால நான் வந்தா?"

நீதவான் பேனாவை மேசையில் வைத்தார். அவர் சிங்களத்தில் சொன்னதைக் கஜேந்தினி பிறகு எனக்குச் சொன்னார்: "இந்த நீதிமன்றத்தில் தவறை அடுத்தவர் தலையில் போட்டு ஆட்கள் சண்டை பிடிப்பதைத்தான் தினமும் பார்க்கிறேன். நீங்கள் இருவரும் எனக்குப் புதிய வேலை தருகிறீர்கள்."

அபராதம் விதித்தார். அதிகமில்லை. ஓட்டும் உரிமையை நிறுத்தவில்லை. கடவுச்சீட்டை விடுவிக்க உத்தரவிட்டார். மஹ்ரூப் நானாவைப் பார்த்து, கால் சுகமானதும் இடதுபக்கத்தில் ஓட்டும்படி சொன்னார். தீர்ப்பு சாந்தாமணியின் பெயரில்தான் இருக்கிறது. சென்ற மாதம் மகளோடு சிங்கப்பூர் போக விண்ணப்பித்தபோது அதை ஒளிக்காமல் எழுதினாள். விசா கொஞ்சம் தாமதமாக வந்தது.

வெளியே வந்ததும் சாந்தாமணி நேராக மஹ்ரூப் நானாவிடம் போனாள்.

"என்ட சட்டியெல்லாம் எங்க?" என்றார் அவர்.

"வண்டியிலதானுங்க. எல்லாத்துலயும் ஒப்பிட்டு வெச்சிருக்கேன்." கோதுமை மாவில் தேங்காய்ப் பூரணம் வைத்துத் தட்டுகிற ஒப்பிட்டு எங்கள் ஊர்ப் பலகாரம். அன்று அதிகாலையிலிருந்து தட்டியிருந்தாள். வழக்கு முடியாவிட்டால் அத்தனையையும் யார் சாப்பிடுவது என்று நான் கேட்டபோது அடுத்த ஒப்பிட்டைத் தட்டினாள்.

காரை அன்று ஹாஜியாரின் மில் ஆள் ஒருவர் ஓட்டி வந்திருந்தார். அவர் ஹாஜியாரோடு பட்டணத்தில் வேலையாகப் போய்விட்டார். இர்பான் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். மாவுக்கட்டோடு அதில் ஏறமுடியாது. மஹ்ரூப் நானா கோர்ட்டுக்கு வந்த முச்சக்கரவண்டியும் போய்விட்டிருந்தது. எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். வேறு முச்சக்கரவண்டி பிடிக்கிறேன் என்று நான் ரோட்டை நோக்கி நடந்தேன்.

"எதுக்குத் தம்பி?" மஹ்ரூப் நானா ஊன்றுகோலால் காரைக் காட்டினார். "ஓட்டத் தெரிஞ்ச ஆள் இங்க நிக்கிறாதானே."

சாந்தாமணி ஓரடி பின்னால் வைத்தாள். "வேண்டாமுங்க. என்னால முடியாது."

"எனக்குப் பயமில்லாமலா கேக்குறன்? பயம்தான்" என்றார் அவர். "ஆனா முச்சக்கரவண்டில போனா இந்தக் கால நீட்ட ஏலாது. இர்பான்ட தாத்தா பகல் சாப்பாட்டோட காத்துக்கொண்டிரிக்கிறா."

இர்பான் காரின் முன் கதவைத் திறந்து, இருக்கையைப் பின்னால் தள்ளி, மைத்துனரைத் தூக்கி உட்காரவைத்தார். பிறகு சாந்தாமணியைப் பார்த்து, முதல்முறையாகச் சிரித்தார். "மெதுவாப் போங்க. நான் முன்னால போறன். கழுத நிண்டா வெரட்டுறன்."

என் இடம் போய்விட்டதால் நான் பின்னால், பாத்திரங்களுக்கும் ஊன்றுகோல்களுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். சாந்தாமணி நீண்டநேரம் கண்ணாடிகளைச் சரிசெய்தாள். ஸ்டியரிங்மேல் வைத்த கையை எடுத்துச் சேலையில் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தாள். வண்டி நகர்ந்தது.

உப்பளங்களைத் தாண்டும்வரை மஹ்ரூப் நானா கதவுக்கு மேலுள்ள பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வாய் ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. பாலாவியில் திரும்பும்போது ஒரு கையை எடுத்துத் தொப்பியைச் சரிசெய்தார். நுரைச்சோலைக்கு முன்னால் ஒரு கழுதைக் கூட்டம் நின்றது. இர்பான் இறங்கி விரட்டினார். சாந்தாமணி காரை முழுவதுமாக நிறுத்திக் கடைசிக் கழுதை போகும்வரை நேரே பார்த்தபடி இருந்தாள்.

இவ்வளவு நேரம் நிற்கிறோமே, முன் இருக்கையிலிருந்து ஏதாவது பேச்சு வரும் என்று எதிர்பார்த்தேன். சத்தமில்லை. எட்டிப் பார்த்தேன். மஹ்ரூப் நானாவின் இரண்டு கைகளும் மடியில் கிடந்தன. தலை சாந்தாமணியின் பக்கமாகச் சாய்ந்திருந்தது. மெல்லிய குறட்டை.

அவளும் பார்த்தாள். அவர் எழும்பாதபடி கிளச்சை மெல்ல மெல்ல விட்டாள்.